எஸ்.ஏ.ஆர். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: சந்தேகத் தகவல் போலீஸுக்குப் போனபின் என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் எங்கள் ஊர்க் கோயிலின் பாதுகாப்புக் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். அதனால் கார் பார்க்கிங்கிலும், தமிழ்ப் பள்ளி வாசலிலும், பொங்கல் பந்தியிலும் ஒரே மாதிரியான கேள்விகள் என்னைத் தேடி வருகின்றன. எல்லாம் போலீஸ் துறைகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் சந்தேக நடவடிக்கை அறிக்கைகளைப் பற்றியவை. சிலருக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே பயம். வேறு சிலர் அறிமுகமில்லாத முகம் ஒன்று தெரிந்தாலே போனை எடுத்துவிடுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதைத் தொகுத்தேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் சொந்த விவகாரம் சிக்கலானது என்றால் வக்கீலிடம்தான் போகவேண்டும்.

எஸ்.ஏ.ஆர்., எஸ்.ஏ.ஆர். என்கிறார்களே, அது என்ன? போலீஸ் கேஸா?

கேஸ் இல்லை. 'சஸ்பீஷியஸ் ஆக்டிவிட்டி ரிப்போர்ட்' என்பதன் சுருக்கம் அது. யாரோ ஒருவர் நேரில் கவனித்த ஒரு செயல், பயங்கரவாதத்துக்கோ வேறு குற்றத்துக்கோ முன்னேற்பாடாக இருக்கலாம் என்று எண்ண இடம் தருகிறது என்றால், அதை எழுத்தில் பதிவது எஸ்.ஏ.ஆர். அந்த நேரத்தில் குற்றம் எதுவும் நடந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு ஊர்ப் போலீஸ்காரர் எழுதிய அந்தப் பதிவை மற்ற மாநிலங்களின் போலீசும் எஃப்.பி.ஐ.யும் பார்க்கும்படி செய்வதற்கு நாடு முழுக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. சுருக்கமாக அதை என்.எஸ்.ஐ. என்பார்கள்.

ஊரில் போடுகிற எஃப்.ஐ.ஆர். மாதிரியா?

மாதிரி இல்லை. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போடுகிறார்கள். அதற்கு நம்பர் உண்டு, நகல் உண்டு, கோர்ட் வரை போகும். எஸ்.ஏ.ஆர். என்பது அதற்கும் முந்தைய கட்டம். அதில் பெயர் வந்தவர் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகமாட்டார், அவருக்கு நோட்டீசும் வராது. சில சமயம் பெயரே இருக்காது. "சாம்பல் நிற வேன், இரண்டு பேர்" என்ற அளவில்தான் இருக்கும்.

இதை எதற்காகக் கொண்டுவந்தார்கள்? 2001-க்கு முன்னால் போலீஸ்காரர்கள் பேசிக்கொள்ளவே இல்லையா?

பேசிக்கொண்டார்கள், ஆனால் போதுமான அளவுக்கு இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலை நடத்தியவர்களில் ஒருவன் நவாஃப் அல்-ஹஸ்மி. அவன் அமெரிக்காவுக்குள் வந்துவிட்டான் என்ற தகவல் சி.ஐ.ஏ.வுக்கு 2000-ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தது. 2001 ஏப்ரல் 1 அன்று ஓக்லஹோமாவில் நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் ஒருவர் வேகமாக ஓட்டியதற்காக அவனை நிறுத்தி, சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார். அந்தப் போலீஸ்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்க்கக்கூடிய எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை. கண்காணிப்புப் பட்டியலில் அது ஏறியது 2001 ஆகஸ்ட் கடைசியில்தான்.

அதே கோடையில் இன்னும் இரண்டு துப்புகள் கிடைத்தன. ஃபீனிக்ஸில் இருந்த எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஒருவர், சந்தேகத்துக்குரிய சிலர் விமானப் பயிற்சிப் பள்ளிகளில் சேர்ந்திருப்பதைப் பற்றி ஜூலையில் தலைமையகத்துக்கு எழுதினார். ஆகஸ்டில் மின்னசோட்டாவில் ஒரு பயிற்சிப் பள்ளி ஊழியர்கள், ஜக்கரியாஸ் மூசாவி என்ற மாணவனின் நடத்தை சரியில்லை என்று எஃப்.பி.ஐ.க்குத் தெரிவித்தார்கள், அவன் கைதானான். ஃபீனிக்ஸ் கடிதத்தையும் மின்னசோட்டா கைதையும் சேர்த்துப் படித்தவர் யாரும் இல்லை. தாக்குதலை ஆராய்ந்த ஆணையம் 2004-இல் வெளியிட்ட அறிக்கை இந்த இடத்தைத்தான் அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு புதிய உளவுச் சீர்திருத்தச் சட்டம் வந்து, தகவல் பகிர்வைக் கடமையாக்கியது.

போலீஸ் அளவில் முதலில் இறங்கியது லாஸ் ஏஞ்சலஸ். 2008 மார்ச்சில் அந்த நகரப் போலீஸ், எந்தெந்த நடத்தைகளைக் கவனித்துப் பதிய வேண்டும் என்று 65 வகைகளைக் குறித்து ஓர் உத்தரவு போட்டது. அதே காலத்தில் மத்திய அரசும் ஒரு பொது வரையறையை வெளியிட்டது. அது 2009-இலும் 2015-இலும் திருத்தப்பட்டது. 2009 திருத்தம் முக்கியமானது. ஏன் என்று கீழே வரும்.

நான் லோக்கல் போலீஸிடம் ஒன்றைச் சொன்னால் அது யார் யார் கைக்குப் போகும்?

முதலில் உங்கள் ஊர்ப் போலீஸ் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும். பெரும்பாலான தகவல் அங்கேயே முடிந்துவிடும்: வேனில் வந்தவர் கேபிள் கம்பெனி ஆள் என்று தெரிந்ததும் விஷயம் தீர்ந்தது. தீராதவை 'ஃபியூஷன் சென்டர்' என்ற இடத்துக்குப் போகும். மாநில அரசுகளும் பெரிய நகரங்களும் நடத்தும் இந்தத் தகவல் மையங்கள் நாடு முழுக்க 80 இருக்கின்றன. அங்கே பயிற்சி பெற்ற ஆய்வாளர் ஒருவர் உங்கள் தகவலை, அடுத்த கேள்வியில் வரும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். கையில் இருக்கும் மற்ற விவரங்களையும் சேர்த்துப் பார்த்து, பயங்கரவாதத்தோடு தொடர்பு இருக்கலாம் என்று பட்டால் மட்டுமே மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி.

மேலே என்பது 'இ-கார்டியன்' என்ற எஃப்.பி.ஐ. கணினி அமைப்பு. அதில் ஏறியபின் அனுமதி பெற்ற மற்ற போலீஸ் துறைகளும் பார்க்கலாம். விசாரிக்கும் பொறுப்பு, எஃப்.பி.ஐ.யும் உள்ளூர்ப் போலீசும் சேர்ந்து இயங்கும் பயங்கரவாதத் தடுப்புக் கூட்டுப் படையினுடையது. இந்த மாதிரிப் படை முதன்முதலில் நியூயார்க்கில் 1980-இல் உருவானது. இன்று சுமார் 200 இருக்கின்றன.

இந்தச் சங்கிலியில் எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் இருக்கும் ஆய்வாளர்தான். அவர் சலிக்கும் வேலையை ஒழுங்காகச் செய்தால் அப்பாவி ஒருவரின் பெயர் மேலே போகாமல் நிற்கும். "எதற்கு வம்பு, அனுப்பிவிடுவோம்" என்று அவர் நினைத்தால் மொத்த ஏற்பாடும் குப்பையால் நிரம்பும்.

எதெல்லாம் சந்தேகத்துக்குரியது? லிஸ்ட் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, பொதுவில் வெளியான பட்டியல்தான். மொத்தம் 16 வகை நடத்தைகள். அவற்றில் 7 வகை தம்மளவிலேயே குற்றமாக இருக்கக்கூடியவை: தடை செய்யப்பட்ட இடத்துக்குள் நுழைவது அல்லது நுழைய முயல்வது, போலி அடையாளம் அல்லது சீருடையைக் காட்டி ஏமாற்றுவது, பாதுகாப்போடு தொடர்புள்ள பொருள்களைத் திருடுவது, நாசவேலை, கணினித் தாக்குதல், மிரட்டல், ஆபத்தான விமானச் செயல்பாடு.

மீதி 9 வகைகளில்தான் சிக்கலே. விவரம் கேட்டுத் துருவுவது, பாதுகாப்பு ஏற்பாட்டைச் சோதித்துப் பார்ப்பது, ஆள் சேர்ப்பது அல்லது நிதி திரட்டுவது, படம் எடுப்பது, நோட்டம் விடுவது, ரசாயனம் போன்ற பொருள்களைச் சேமிப்பது, அசாதாரணமான பயிற்சி தேடுவது, ஆயுதம் சேர்ப்பது, குறிப்பிட்ட துறைகளைக் குறிவைக்கும் செயல்கள் எல்லாம் இதில் வரும். இவற்றில் பலவற்றை நாம் தினமும் சட்டப்படியே செய்கிறோம். அதனால் இந்த 9 வகையில் ஒன்றை மேலே அனுப்பவேண்டும் என்றால், செயலைத் தாண்டிக் கூடுதலான உண்மை விவரம் கையில் இருக்கவேண்டும் என்று விதியே சொல்கிறது.

அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். அணைக்கட்டு, பாலம், ரயில் ஸ்டேஷன் என்று எல்லாவற்றையும் போட்டோ எடுக்கிறார். பிரச்சினை வருமா?

பொது இடத்தில் நின்றுகொண்டு கண்ணுக்குத் தெரிவதைப் படம் எடுப்பது சட்டப்படி சரி. ஹூவர் அணையைப் பார்க்க வரும் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பட்டியலில் இருப்பது வேறு விதமான படம்: அணையை விட்டுவிட்டு கேமரா பொருத்திய கம்பங்கள், காவலர் மாறும் நேரம், சுற்றுலாப் பயணி யாரும் சீண்டாத பின்வாசல் என்று திரும்பத் திரும்ப எடுப்பது.

ஆனால் நடைமுறையில் தவறு நடந்திருக்கிறது. பாஸ்டனில் வானவில் நிறங்கள் தீட்டிய பெரிய எரிவாயுத் தொட்டி ஒன்று உண்டு; நகரத்தின் அடையாளங்களில் ஒன்று. 2004-இல் வயதான புகைப்படக் கலைஞர் ஒருவர் அதைப் படம் எடுக்கப் போனபோது தனியார் காவலர்கள் தடுத்தார்கள். சில மாதம் கழித்து, நாட்டின் மறுகோடியில் கலிஃபோர்னியாவில் இருக்கும் அவர் வீட்டுக்கு எஃப்.பி.ஐ. ஆள் வந்துவிட்டார். சுவரோவியங்களைப் படம் எடுப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. அப்பாவிடம் யாராவது "எதற்கு எடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் அமைதியாகப் பதில் சொல்லச் சொல்லுங்கள். ராணுவ இடங்களுக்கும் விமான நிலையச் சோதனைப் பகுதிக்கும் தனி விதிகள் உண்டு. அங்கே பலகையைப் படித்துவிட்டுக் கேமராவை எடுப்பது நல்லது.

பேங்கும் எஸ்.ஏ.ஆர். போடுகிறதாமே? 10,000 டாலருக்கு மேல் போட்டால் எஃப்.பி.ஐ.க்குப் போய்விடுமா?

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. வங்கி எழுதும் எஸ்.ஏ.ஆர். வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. அது அமெரிக்க நிதித் துறையின் ஃபின்சென் என்ற பிரிவுக்குப் போகும். 5,000 டாலரோ அதற்கு மேலோ உள்ள ஒரு பரிவர்த்தனை சந்தேகத்துக்கிடமாக இருந்தால் வங்கி அதை எழுதியாக வேண்டும். எழுதியதை உங்களிடம் சொல்ல வங்கி ஊழியருக்குச் சட்டத்தில் அனுமதி கிடையாது. கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

10,000 டாலர் என்பது மூன்றாவது சமாசாரம். ஒரே நாளில் அதற்கு மேல் ரொக்கமாகப் போட்டாலோ எடுத்தாலோ வங்கி ஒரு வழக்கமான படிவத்தை அனுப்பும். அதில் சந்தேகம் எதுவும் இல்லை, உங்களுக்குத் தொந்தரவும் இல்லை. அந்தப் படிவத்துக்குப் பயந்து 9,000, 9,500 என்று பிரித்துப் போடுகிறார்கள் பாருங்கள், அதுதான் குற்றம். நேர்மையாகச் சம்பாதித்த பணமாக இருந்தாலும் குற்றம்தான். தயவுசெய்து யாருக்கும் இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். ஊரில் மனை விற்ற பணம் வங்கி வழியாக வருவது ரொக்கம் இல்லை. அதற்கு இந்தப் படிவமே கிடையாது.

கோயிலுக்கு ஒருத்தர் வந்தார், பார்க்கவே ஒரு மாதிரி இருந்தார். சொல்லலாமா?

"ஒரு மாதிரி" என்றால் என்ன என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தோலின் நிறமா, தாடியா, உடையா? அப்படியென்றால் சொல்லக்கூடாது. பூட்டியிருந்த பின்வாசலை இழுத்துப் பார்த்தாரா, எந்த நாளில் கூட்டம் அதிகம், காவலர் எத்தனை பேர் என்று விசாரித்தாரா, யாராவது வந்து பேசியதும் சட்டென்று வண்டியில் ஏறிப் போனாரா? இவை நடத்தை, இவற்றைச் சொல்லலாம். இனம், மதம், பிறந்த நாடு போன்றவற்றைச் சந்தேகத்துக்குக் காரணமாக எடுக்கக்கூடாது, அரசியல் சட்டம் காக்கும் பேச்சையும் வழிபாட்டையும் பதியக்கூடாது என்று மனித உரிமை அமைப்புகள் கேட்டதன் பேரில் அரசின் வரையறையில் தெளிவாகச் சேர்த்த ஆண்டு 2009. மேலே முக்கியம் என்று சொன்னது இதைத்தான்.

எழுதியபடி எப்போதும் நடப்பதில்லை. கலிஃபோர்னியாவில் சான்டா ஆனா ரயில் நிலையத்தில் ஒருவர், கழிப்பறைக்குப் போன தன் தாய்க்காகக் காத்துக்கொண்டிருந்தார். வாசல்களை நோட்டம் விடும் மத்திய கிழக்கு வம்சாவளி ஆண் என்று அவரைப் பற்றி ஓர் அறிக்கை எழுதப்பட்டது. அவர் குடும்பம் பாகிஸ்தானிலிருந்து வந்தது. அந்த இடத்தில் நம் வீட்டுப் பிள்ளை நின்றிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார்கள். நாம் போன் செய்யும்போது இதை மறக்கக்கூடாது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சினில் ஓக் கிரீக் குருத்வாராவில் துப்பாக்கியால் சுட்டவன் ஒரு வெள்ளை இனவெறியன். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் யூதக் கோயிலில் 11 பேரைக் கொன்றவனும் அப்படித்தான். தோற்றத்தை வைத்துத் தேடுகிறவர்கள் தவறான ஆளைப் பிடிப்பதோடு, உண்மையான ஆளையும் தவறவிடுவார்கள்.

சரி, இதனால் உண்மையிலேயே எதையாவது தடுத்திருக்கிறார்களா?

சாதாரண ஆட்கள் கொடுத்த தகவலால் தடுத்த சம்பவங்கள் உண்டு. 2005-இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் நகரத்தில் பெட்ரோல் பங்க் கொள்ளை ஒன்றில், திருடர்களில் ஒருவன் செல்போனைத் தவறவிட்டான். உள்ளூர்ப் போலீஸ் அதைப் பிடித்துக்கொண்டு போனால், ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகங்களையும் யூத வழிபாட்டிடங்களையும் தாக்கப் போட்ட திட்டம் கிடைத்தது. தாக்குதலுக்குப் பணம் சேர்க்கத்தான் அந்தக் கொள்ளைகள். 2006-இல் நியூ ஜெர்சியில் ஒரு கடை ஊழியர், டிவிடியாக மாற்றித் தரச்சொல்லி வந்த வீடியோவில் துப்பாக்கிப் பயிற்சியையும் கோஷங்களையும் பார்த்துவிட்டுச் சொன்னார். ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாம் மீதான சதி அப்படித்தான் தெரிந்தது. 2010 மே 1 அன்று டைம்ஸ் சதுக்கத்தில் புகை வந்த காரைக் காட்டிக்கொடுத்தவர்கள் நடைபாதை வியாபாரிகள். 2011-இல் டெக்சாஸில் ஃபீனால் வாங்க முயன்ற மாணவனைப் பற்றி ரசாயனம் விற்கும் கம்பெனியும் சரக்கு அனுப்பும் கம்பெனியும் தனித்தனியே தகவல் கொடுத்தன. அவன் வெடிகுண்டு செய்யத்தான் முயன்றான் என்பது கோர்ட்டில் நிரூபணமானது.

ஆனால் இதையெல்லாம் என்.எஸ்.ஐ.யின் சாதனை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். டாரன்ஸும் ஃபோர்ட் டிக்ஸும் அந்த ஏற்பாடு வருவதற்கு முன்பே நடந்தவை. சரியாகச் சொன்னால், அப்படியோர் ஏற்பாடு தேவை என்ற எண்ணத்துக்கு இந்த மாதிரிச் சம்பவங்களும் வலுச் சேர்த்தன. ஃபியூஷன் சென்டர்களைப் பற்றி 2012 அக்டோபரில் செனட் துணைக்குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை கடுமையானது. அவற்றிலிருந்து மத்திய அரசுக்குப் போன உளவுக் குறிப்புகளில் பல தரமற்றவை, தாமதமானவை, சில குடிமக்களின் உரிமையையே மீறியவை என்று இரு கட்சியினரும் சேர்ந்து எழுதினார்கள்.

பாஸ்டன் மாரத்தான் குண்டு வைத்தவனைப் பற்றி முன்கூட்டியே தெரியுமாமே. அப்புறம் ஏன் தடுக்கவில்லை?

2011 மார்ச்சில் ரஷ்ய உளவுத் துறை டமர்லான் சார்னயெவ் பற்றி எஃப்.பி.ஐ.க்குத் தகவல் அனுப்பியது உண்மை. எஃப்.பி.ஐ. விசாரித்து, ஒன்றும் கிடைக்காமல் அந்தக் கோடையிலேயே முடித்துவிட்டது. 2013 ஏப்ரலில் குண்டு வெடித்தது. அடுத்த மாதம் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்ன பாஸ்டன் போலீஸ் ஆணையர், அந்தத் தகவல் தங்களுக்கு வரவே இல்லை என்றார். கூட்டுப் படையில் பாஸ்டன் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். தகவல் அந்த அறையைத் தாண்டவில்லை.

கீழிருந்து மேலே போக வழி அமைத்தார்கள், மேலிருந்து கீழே வருவதில்தான் குறை. பயங்கரவாத வழக்கு அல்லாவிட்டாலும் 2018 பார்க்லண்ட் பள்ளிக் கொலையில் இதே கதைதான்: ஜனவரி 5 அன்று ஒருவர் எஃப்.பி.ஐ.யின் தகவல் எண்ணுக்குப் போன் செய்து அந்த இளைஞனைப் பற்றி விவரமாகவே எச்சரித்தார். அது மயாமி அலுவலகத்துக்கு அனுப்பப்படவே இல்லை. பிப்ரவரி 14 அன்று 17 பேர் செத்தார்கள். போன் செய்தவர் தன் கடமையைச் செய்துவிட்டார். அவருக்குப் பிறகு சங்கிலி அறுந்தது.

தகவல் சொல்வதென்றால் யாருக்கு, எப்படிச் சொல்ல வேண்டும்?

உயிருக்கு ஆபத்து என்றால் 911. இல்லையென்றால் உங்கள் ஊர்ப் போலீஸின் சாதாரண எண். எஃப்.பி.ஐ.க்கு நேராகச் சொல்ல 1-800-225-5324. "பார்த்தால் சொல்லுங்கள்" என்ற விளம்பரத்தை நியூயார்க் போக்குவரத்துக் கழகத்திடமிருந்து வாங்கி 2010 முதல் நாடெங்கும் பரப்பிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே, லோக்கல் போலீஸிடம் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறது.

யாரை, என்ன செய்யும்போது, எங்கே, எப்போது பார்த்தீர்கள், ஏன் உறுத்தியது என்ற ஐந்தையும் சொல்லுங்கள். வண்டி எண் தெரிந்தால் நல்லது. உங்கள் ஊகத்தைச் சேர்க்கவேண்டாம். "கேட் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று கேமராக்களைப் படம் எடுத்தார்" என்பது தகவல், "தீவிரவாதி மாதிரி இருந்தார்" என்பதால் யாருக்கும் பயன் இல்லை. பின்தொடர்ந்து போவது, மறித்துக் கேட்பது எதுவும் உங்கள் வேலை இல்லை.

நான் சொன்னது தப்பாகிவிட்டால் அந்த ஆள் என்மேல் கேஸ் போடலாமா?

இந்தக் கேள்வி நிஜமாகவே ஒருமுறை எழுந்தது. 2006 நவம்பரில் மினியாபோலிஸில், சக பயணிகள் சந்தேகப்பட்டதால் 6 இமாம்களை விமானத்திலிருந்து இறக்கினார்கள். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள், 2009-இல் சமரசமானது. இடையில் 2007-இல் வந்த சட்டம், பயணிகள் போக்குவரத்தை அச்சுறுத்தும் செயலைப் பற்றி நல்லெண்ணத்தோடு, நியாயமான காரணத்தோடு தகவல் சொல்பவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. பொய் என்று தெரிந்தே சொல்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறு என்பதற்காக எஃப்.பி.ஐ.யிடம் கதை கட்டினால் அதுவே மத்தியக் குற்றம்.

என் கருத்தைக் கேட்டால், வழக்கு வருமா என்பதைவிட, அந்த 6 பேர் அன்றைக்குப் பட்ட அவமானத்தை நினைப்பது நம்மை ஒழுங்காக வைத்திருக்கும்.

என் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா? எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள்?

தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எஃப்.பி.ஐ.க்கும், மாநிலச் சட்டப்படி ஃபியூஷன் சென்டருக்கும் விண்ணப்பிக்கலாம். முழுப் பதில் கிடைப்பது அரிது, எஃப்.பி.ஐ. தன் அமைப்புக்குப் பல விலக்குகளை வாங்கி வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் அறிக்கைகள் பல வெளியே வந்தது உரிமை அமைப்புகள் விடாமல் கேட்டதால்தான்.

பயங்கரவாதத் தொடர்பு இல்லை என்று உறுதியானால் இ-கார்டியனிலிருந்து நீக்கவேண்டும். எந்தப் பக்கமும் முடிவாகச் சொல்ல முடியாதவை 5 ஆண்டு இருக்கும். எஃப்.பி.ஐ.யின் உள் அமைப்பில் அதைவிட நீண்ட காலம் தங்கும் என்பது இதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களின் முக்கியமான மனக்குறை.

கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் எல்லாம் நின்றுவிடுமா?

எஸ்.ஏ.ஆர். என்பது வாட்ச் லிஸ்ட் இல்லை. வாட்ச் லிஸ்டை 2003-இல் தொடங்கிய தனி மையம் நடத்துகிறது. அதில் பெயர் ஏற 'நியாயமான சந்தேகம்' என்ற உயர்ந்த அளவுகோல் வேண்டும். குடியேற்ற விண்ணப்பங்களுக்கு எஃப்.பி.ஐ. பெயர்ச் சோதனை எப்படியும் உண்டு. விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் தனியே அழைத்துப் போகிறார்கள் என்றால், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 'டிரிப்' என்ற குறைதீர்ப்பு வழியில் விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பம் வருஷக்கணக்கில் நகரவில்லை என்றால் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

எஃப்.பி.ஐ. ஆள் வீட்டுக் கதவைத் தட்டினால் பேசித்தான் ஆகவேண்டுமா?

கோர்ட் உத்தரவு இல்லாமல் பேசியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "வக்கீலை வைத்துக்கொண்டு பேசுகிறேன், உங்கள் கார்டைக் கொடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லலாம். வாரன்ட் இல்லாமல் உள்ளே விடவேண்டியதும் இல்லை. பேசுவது என்று முடிவு செய்தால் பொய் மட்டும் கூடாது. மத்திய அதிகாரியிடம் பொய் சொல்வதற்கு 5 ஆண்டு வரை சிறை, பயங்கரவாத விஷயம் என்றால் 8 ஆண்டு வரை. பயத்தில் "அவரை எனக்குத் தெரியவே தெரியாது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இலங்கையில் இருக்கும் சொந்தங்களுக்கும் நிவாரணத்துக்கும் பணம் அனுப்புகிறோம். இதுவும் சந்தேகப் பட்டியலில் வருமா?

குடும்பத்துக்குப் பணம் அனுப்புவது சட்டப்படி சரி. அமைப்புகளுக்குக் கொடுக்கும்போதுதான் கவனம் தேவை. விடுதலைப் புலிகள் இயக்கத்தை அமெரிக்கா 1997 அக்டோபரில் தடைப்பட்டியலில் சேர்த்தது. போர் 2009-இல் முடிந்தபிறகும் அந்தப் பெயர் பட்டியலில் தொடர்கிறது. 2007 நவம்பரில் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் சொத்துக்களையும் நிதித் துறை முடக்கியது. சுனாமிக்காக நல்ல மனதோடு அதற்குக் கொடுத்திருந்த பலர் அன்று கலங்கிப்போனார்கள்.

2010 ஜூனில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. புலிகளுக்கும் குர்திஷ் பி.கே.கே.வுக்கும் சமாதான வழிகளைக் கற்றுக்கொடுப்பதுகூட, அந்த அமைப்போடு சேர்ந்து செய்தால் 'பொருளுதவி' என்ற குற்றம் ஆகும் என்று 6-க்கு 3 என்ற கணக்கில் நீதிபதிகள் சொன்னார்கள். அதே தீர்ப்பு, யாரோடும் சேராமல் தனியாக ஒருவர் தன் கருத்தைப் பேசுவதையும் எழுதுவதையும் தடுக்கவில்லை. அதனால் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போவதோ நீதி கேட்டுப் பேசுவதோ உங்கள் உரிமை. நிவாரண நிதிக்குக் கொடுக்கும் முன் அந்த அமைப்பின் பெயரை நிதித் துறையின் தடைப்பட்டியலில் தேடிப்பாருங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

'நியாயமான சந்தேகம்' இல்லாமல் போலீஸ் தகவல் சேர்க்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே. இது எப்படிச் செல்லும்?

இந்தத் தொகுப்பிலேயே கஷ்டமான கேள்வி இதுதான். மத்திய நிதியில் இயங்கும் குற்ற உளவுத் தரவுத்தளங்களுக்கு அப்படி ஒரு விதி நெடுநாளாக உண்டு: தனிமனிதர் மீது நியாயமான சந்தேகம் இருந்தால்தான் பதியலாம். எஸ்.ஏ.ஆர். அளவுகோல் அதைவிடத் தாழ்ந்தது. முன்னேற்பாட்டைக் காட்டக்கூடியதாக இருந்தால் போதும். மேலே சொன்ன புகைப்படக் கலைஞரும் ரயில் நிலையத்தில் நின்றவரும் இன்னும் சிலரும் சேர்ந்து 2014-இல் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2019 ஜனவரியில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்பளித்தது. துப்புகளைச் சேர்ப்பது வேறு, உளவுக் கோப்பு வைப்பது வேறு என்ற அரசின் வாதம் அங்கே எடுபட்டது.

சட்டப்படி முடிந்த விஷயம் என்றாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. முதல் கட்டத்தில் அளவுகோல் தாழ்ந்திருப்பது புரிகிறது; ஓக்லஹோமா போலீஸ்காரர் கையில் அன்று எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் தாழ்ந்த அளவுகோலில் உள்ளே வந்த பெயர், விசாரித்து ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு வெளியே போவதற்கும் அதே அளவு சுலபமான வழி இருக்கவேண்டும். இன்று அது இல்லை.

போன வருஷம் ஒரு தகவல் சொன்னோம். இன்றுவரை பதிலே இல்லை. இனிமேல் எதற்குச் சொல்ல வேண்டும்?

இந்த அலுப்பு போலீஸ்காரர்களுக்கே உண்டு. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2013 மார்ச்சில் என்.எஸ்.ஐ.யை ஆராய்ந்தபோது, தாங்கள் அனுப்பிய அறிக்கை என்ன ஆயிற்று என்று எஃப்.பி.ஐ. இன்னும் ஒழுங்காகத் தெரிவிக்கவேண்டும் என்று மாநில அதிகாரிகள் பலர் கேட்டார்கள். அப்போது ஒரே வேலைக்கு இரண்டு கணினி அமைப்புகள் இருந்ததும் குழப்பத்தைக் கூட்டியது. பின்னர் அறிக்கைகள் இ-கார்டியனில் ஒன்றுசேர்க்கப்பட்டன.

பொதுமக்களுக்கு விசாரணை விவரம் சொல்லமாட்டார்கள், அதை எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் செய்யக்கூடியது: தகவலை எழுதிக்கொண்ட அதிகாரியின் பெயரையும் பதிவு எண்ணையும் அன்றே கேட்டு வாங்குங்கள். கொஞ்ச நாள் கழித்து, தகவல் ஃபியூஷன் சென்டருக்குப் போனதா, ஊரிலேயே முடிந்ததா என்று மட்டும் கேளுங்கள். பல போலீஸ் துறைகளில் ஃபியூஷன் சென்டரோடு தொடர்பு வைத்திருக்கும் அதிகாரி ஒருவர் இருப்பார். கோயில் நிர்வாகம் அவரை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துத் தன்னார்வலர்களோடு உட்காரவைத்தால், எது தகவல், எது இல்லை என்பதை அவரே சொல்வார். தவறான ஆள் மாட்டிய கதைகளையும் அந்தக் கூட்டத்திலேயே அவரிடம் கேளுங்கள்.